தொண்ணூறு பைசாச் சீட்டு

சுரண்டல் லாட்டரிச் சீட்டின் மேல்பூச்சை நகத்தால் சுரண்டும்போது ஈர ரப்பர் போல ஒரு வாசனை வரும். அந்த வெள்ளித்தூள் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோறு பிசையும் வரை போகாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு, தறியை விட்டு டீ குடிக்க வரும் ஆண்கள் எல்லோருடைய கட்டைவிரலும் அப்போது அப்படித்தான் மினுங்கும், எங்கள் அப்பாவுடையதும் சேர்த்து.

சீட்டு இரண்டு ரூபாய். பரிசு இல்லாவிட்டால் "காலி". எங்கள் தெருக்காரர்களுக்கு இதில் ஒரு நம்பிக்கை இருந்தது, வேறு ஊர்க்காரனுக்கு வந்திருக்காது. சேலையில் பூ இல்லாத வெற்று உடல் இவ்வளவு ஓடினால் அடுத்து ஒரு "புட்டா", அதாவது ஜரிகைப் பூ, விழுந்தே தீரும் என்று நெய்து பழகிய கண்கள் சீட்டுக் கட்டையும் சேலையாகவே பார்த்தன. தொடர்ந்து காலி வந்தால் அப்பா வருத்தப்படமாட்டார், உற்சாகமாகிவிடுவார். "வெத்தா ஓடிக்கினு இருக்குது, புட்டா கிட்ட வந்துட்டுது" என்பார்.

நான் பத்தாவது முடித்திருந்த கோடை அது. கணக்கு என்றால் எனக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம், நானே நோண்டிக்கொண்டிருப்பேன். கடைக்காரர் சேகர் அண்ணன் பரிசு விழுந்த சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பார். அவற்றை வாங்கி எண்ணினேன். ஒரு கட்டை மட்டும் நம்பாமல், ஐநூறு விழுந்த கட்டு, ஒன்றுமே விழாத கட்டு எல்லாவற்றின் பரிசுப் பணத்தையும் சேர்த்துக் கூட்டி, விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். சீட்டுக்குத் தொண்ணூறு பைசா வந்தது. ஆக, சுரண்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டும் பெறுவது அவ்வளவுதான். அதைத்தான் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அப்பா நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலியோடு வந்தார். அதில்தான் என்னைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். காலையிலிருந்து கட்டு காலியாகவே ஓடியதைக் கேள்விப்பட்டு, மிச்சத்தை மொத்தமாக வாங்கிவிடுவது என்று நேரே கடைக்குப் போனார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "சேலைல, தறி மேல மாட்டின ஓட்டை அட்டை சொல்ற எடத்துல புட்டா விழுது. சீட்ட கலைச்சுப் போட்டு அனுப்பறாங்கப்பா. போன சீட்டு காலின்னு அடுத்த சீட்டுக்குத் தெரியாது" என்றேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஏழுமலை மாமா, உன் பெண்ணுக்கு பேங்கில் வேலை பார் என்றார். அப்பா முகம் சிவந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் நகரவில்லை, கையை நீட்டினேன். தெருவே பார்க்கிறதே என்று பணத்தை என் கையில் திணித்துவிட்டு நடந்தார்.

அவர் வீடு போய்ச் சேரும் முன்பே ஏழுமலை மாமா அடுத்த சீட்டை வாங்கிச் சுரண்டினார். ஐநூறு ரூபாய்.

அப்புறம் கேட்க வேண்டுமா. அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். தண்ணீர் பிடிக்கப் போனால் "புட்டாவ உட்ட பொண்ணு" என்று கேலி. மாமா தெருவுக்கே பரோட்டா வாங்கித் தந்தார். நானும் தின்றேன், தின்றுகொண்டே என் கணக்கு சரிதான் என்று சொன்னேன். மறுநாள் அப்பா என் கையில் திணித்த பணத்தைக் கட்டிக் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன்.

லாட்டரியைத் தடை செய்து வெகுகாலமாகிவிட்டது. கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். கேலி மட்டும் போகவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஏழுமலை மாமா, "அன்னிக்கு உங்கப்பன உட்டிருந்தா அந்த ஐநூறு அவனுக்குத்தாம்மா" என்றார்.

"விழும்னு உங்களுக்கும் தெரியாது மாமா. இன்னிக்கு அந்தக் கடை இருந்தாலும் குறுக்க வந்து நிப்பேன்."

பக்கத்து இலையில் அப்பா தலை நிமிராமல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடுவதாயில்லை.