ராணியின் போர்வைக்கு நான் சொல்லாத ஒரு வார்த்தை

ராணி போய்விட்டாள்.

காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. விடிகிற நேரத்தில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நாரணாபுரத்துக்காரி. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் பைண்டிங் செக்‌ஷன். நான் டிசைன் செக்‌ஷன், பட்டாசு லேபிள் போடுகிறவள். என்னைவிட ஆறு வயது சின்னவள்.

குரூப்பில் எல்லோரும் நல்லவிதமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு அவள்மீது பொறாமை. அதுவும் ஒரு குட்டிப் போர்வைக்காக.

சிரிக்காதீர்கள்.

போன வருஷம் எங்கள் செக்‌ஷன் ஜோதி மாசமாக இருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்று முதலில் சொன்னது நான்தான். யூட்யூபில் ‘க்வில்ட்’ என்று போட்டால் வருமே, அது.

கம்ப்யூட்டரில் டிசைன் போட்டேன். கட்டம் கட்டமாக, எட்டு கலர். தீபாவளி ஆர்டருக்குக்கூட அவ்வளவு மெனக்கெட்டதில்லை. மதுரைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கி வந்தேன். பிரிண்ட் எடுத்து எல்லோரிடமும் காட்டினேன்... பெருமைதான்.

ராணி அந்தப் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எக்கா, இதுல தையலுக்கு எங்கன எடம் விட்டிருக்கீக?”

“சுத்தி மூணு மில்லிமீட்டர் விட்டிருக்கேன்ல.”

“அது லேபிளு வெட்டத்தான் சரிக்கா. துணிக்குப் பத்தாதே.”

“பதினெட்டு வருசமா டிசைன் போடுறேன். நீ எனக்கு மார்ஜின் சொல்லித் தாரியாக்கும்.”

பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அவள் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

தைத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் தையல் தின்றுவிட்டது. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. போகப்போகத் தலையணை அளவுக்கு வந்து நின்றது. அதையும் முடிக்கவில்லை, பீரோவுக்குள் தள்ளிவிட்டு ஜோதியிடம் சீசன் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் ராணி ஆரம்பித்திருந்தாள். பச்சைப் பிள்ளைக்கு முதலில் பழைய துணிதானே போடுவோம்... கம்பெனியில் ஒவ்வொருத்தியிடமும் பழைய காட்டன் சேலையில் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். என்னிடமும் கேட்டாள். எங்கள் வீட்டில் காட்டனே இல்லை என்றேன். பீரோ நிறைய இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மீதி நேரத்தில் தைப்பாள். கட்டங்களைத் தரையில் பரப்புவாள், எழுந்து நின்று பார்ப்பாள், இதை அங்கே மாற்றுவாள், மறுபடி நின்று பார்ப்பாள். ஒரு பக்கம் முழுக்கத் தைத்ததைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைத்தாள். இவள் எங்கே முடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். முடிக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

முடித்துவிட்டாள்.

பேர் வைக்கிற விசேஷத்துக்கு எல்லோரும் சாத்தூர் போயிருந்தோம். ராணி பையிலிருந்து எடுத்து விரித்தாள். இது என் சேலை, அது உன் சேலை என்று ஆளாளுக்குத் தொட்டுக் காட்டினார்கள்.

சாயம் போன நீலம், பக்கத்தில் மஞ்சள், சுற்றிலும் அரக்கு பார்டர். நான் நாலு மாசம் கம்ப்யூட்டரில் தேடிய கலர் அது.

ராணி நேரே என்னிடம்தான் வந்தாள்.

“எக்கா, நீங்க டிசைனு ஆளு. எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“புள்ள முளிச்சிரப் போகுது, சத்தம் போடாத.”

பிறகு ஒருநாள் டீ நேரத்தில் வந்து, “பார்டரு கொஞ்சம் தூக்கலாத் தெரியுதோக்கா?” என்றாள். கஸ்டமர் கரெக்‌ஷன் அனுப்பியிருக்கிறார் என்று எழுந்து போய்விட்டேன்.

மற்ற எல்லோரும் சொல்லியாயிற்று. முதலாளி அம்மாகூடக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆனால் அவளுக்கு நான் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி வந்தாள். தங்கச்சி மகளுக்கு இன்னொன்று தைக்கப்போகிறாளாம்.

“மொதப் போர்வையில என்ன குறைன்னு சொன்னீகன்னா, இதுல மாத்திக்கிடுவேன்க்கா.”

“போட்டோ அனுப்பி விடு. பாத்துட்டுச் சொல்றேன்.”

அன்றைக்கே அனுப்பினாள். நான் திறக்கவில்லை.

இன்று நாரணாபுரம் போயிருந்தேன். மாலையை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

“டிசைன் அக்கா நீங்கதான? துணியெல்லாம் வெட்டி வச்சிட்டா. நீங்க பாத்துச் சொல்லணும்னு தைக்காம வச்சிருந்தா.”

தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த போட்டோவைத் திறந்தேன். பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தேன்... இப்போதும் தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்.

பார்டர் தூக்கலாக இல்லை ராணி. சரியாக இருக்கிறது.

போய் வா தாயி.