மகள் சொல்ல நான் மிதித்த கணக்கு

கோப்பாயில் ஒரு சைக்கிள் கடை, அதன் பின்னால் நாலு அறைக் கல்வீடு, தோட்டத்துக்கு ஒரு கட்டுக்கிணறு. எல்லாம் என் கையால் உண்டாக்கியவை. படித்தது ஐந்தாம் வகுப்பு. சீமெந்து வராத காலத்திலும் சுவர் எழுப்பியவன் நான். ஆனாலும் நான் செய்தவற்றில் பெரியது என் மூத்த மகளின் கணக்குப் பாடம்.

பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்குக்கு இருபத்தெட்டுப் புள்ளி. புத்தகத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாள். கண் கூரையில், கால் வாசலில். ஜேர்மனியிலிருந்து மைத்துனர் அனுப்பிய கையடக்க வீடியோ கேமில் மட்டும், விழுகிற பழங்களைக் கூடையில் பிடித்தபடி மணிக்கணக்காக அசையமாட்டாள். அடுத்த வருடம் ஓ.எல். சோதனை. தவறினால் படிப்பு அதோடு சரி. கேமை ஒளித்துப் பார்த்தேன். புள்ளி இன்னும் இறங்கியது.

பிறகு சண்டையில் மின்சாரம் போனது, பற்றரிக்கும் தடை வந்தது. ஊரே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டது. அதே டைனமோவில் நான் அவளுடைய கேமை ஓடவைத்தேன். அவ்வளவு சின்னச் சாமானுக்குக் கரண்டை அளந்து கொடுக்க ஊரில் வேறொருவனுக்கும் தெரியாது. மிதிப்பதும் நானேதான். ஒரு நிபந்தனை வைத்தேன்: அன்று பள்ளியில் படித்த கணக்கை எனக்கு விளங்கப்படுத்த வேண்டும். விளங்கினால்தான் மிதிப்பேன்.

விளங்காதது நடிப்பல்ல. சமன்பாடு என்றால் என்னவென்று எனக்கு யார் சொன்னார்கள்? அவள் சோக்கட்டியோடு கடை நிலத்தில் நடந்து நடந்து எழுதினாள். நான் சைக்கிள் சீற்றில் இருந்தபடி கேள்வி கேட்டேன்.

"உங்கடை தலைக்குள்ளை என்ன அப்பா, கிறீஸோ?"

"ஓம் பிள்ளை, கிறீஸ்தான். திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னாள், வேறு விதமாக. சைக்கிளின் பெரிய பற்சில்லு ஒருமுறை சுற்றச் சின்னது எத்தனை முறை சுற்றும் என்று காட்டி விகிதம் விளங்கப்படுத்தினாள். அத்தனை வருடமாக என் கைக்குத் தெரிந்தது அன்றுதான் என் தலைக்கு ஏறியது. என்ன மூளை அந்தப் பிள்ளைக்கு!

ஒருநாள் எனக்குச் சட்டென்று விளங்கிவிட, மிதிக்கத் தொடங்கினேன். டைனமோ இரைந்தது. கேம் மரவாங்கின்மேல் சும்மா கிடந்தது. அவள் நிலத்தில் குந்தியிருந்தபடி, "நில்லுங்கோ அப்பா, உதுக்கு இன்னொரு வழியும் இருக்கு" என்றாள்.

ஓ.எல்.லில் கணக்குக்கு 'டி' எடுத்தாள்; அதற்கு மேல் சித்தி இல்லை. பரிசளிப்பு மேடையில் பள்ளி அதிபர் கணக்கு ஆசிரியையைப் பாராட்டினார்; மகள் தாயின் விரதத்தைச் சொன்னாள். இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் தினமும் பின்னேரம் இருந்து விளங்கும்வரை கேட்டவன் நான். பள்ளி மலரில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடவேண்டும். தகப்பன் என்று போட்டால் போதாது. கணக்குக் கேட்டவர் என்று போடுங்கள்.