ஃபேவரிட் தேவராஜ்

ஒன்பதுக்கு ஏழு. போன மாதம் நான் வாங்கிய மார்க் இது.

எந்தப் பரீட்சையில் என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால், இந்த வாரம் நான் பெருமையடித்துக்கொள்ள வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெங்களூரில் தமிழ் நாடகம் போடுகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். ஆபீஸ் முடிந்து, டிராஃபிக்கில் நொந்து, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒத்திகைக்கு ஓடி வரும் கூட்டம் அது. வருஷத்துக்கு ஒருமுறை இவர்களுக்கெல்லாம் ஒரு விருது விழா நடக்கும். மொத்தம் ஒன்பது விருதுகள். கொடுப்பது ஒரு கோப்பையும் சால்வையும்தான். ஆனால் அதற்கு இருக்கும் படபடப்பு இருக்கிறதே... அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு, யார் யாருக்கு விருது கிடைக்கும் என்று ஒரு பட்டியல் எழுதி எங்கள் நாடக வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நாலைந்து வருஷப் பழக்கம். எல்லா நாடகத்தையும் விடாமல் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

இந்த வருஷம் அந்தப் பட்டியலில் என் நண்பர் வரதன் புகுந்தார். வரதன் ரேஸ் கோர்ஸ் பக்தர். பந்தயம் கட்டுவதை டாக்டரும் மனைவியும் சேர்ந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் குதிரைகளின் ஜாதகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். என் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இவருக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடைக்கலாம் என்றெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆட்ஸ் போடு, ஒன்றுக்கு இத்தனை என்று பந்தய விகிதம், அப்போதுதான் சூடு பிடிக்கும் என்றார்.

போட்டோம். பணம் கிடையாது, பந்தயம் மசால் தோசையில். ஒன்றுக்கு எட்டு என்றால், அந்த நடிகர் மேல் ஒரு தோசை கட்டியவருக்கு அவர் ஜெயித்தால் எட்டு தோசை. ஜெயிக்க வாய்ப்பில்லாதவருக்குத்தான் இவ்வளவு தாராளம். நிச்சயமாக ஜெயிப்பார் என்று தோன்றுகிறவருக்கு ஒன்றுக்கு அரை. அதாவது இரண்டு தோசை கட்டினால் ஒரு தோசைதான் லாபம். ரேஸ் பாஷையில் அவர் ஃபேவரிட்.

சிறந்த நடிகர் பிரிவில் நாங்கள் போட்ட ஃபேவரிட்... தேவராஜ்.

பெயரை மாற்றியிருக்கிறேன். ஸ்ரீராம்புரத்துக்காரர். பஸ் டிப்போவில் டிங்கரிங் வேலை பார்ப்பவர். இருபத்திரண்டு வருஷமாக நடிக்கிறார். பெரும்பாலும் போலீஸ்காரர், புரோக்கர், மாமனார் என்று சின்னச் சின்ன வேஷங்கள். ஒரு விருதுகூட வாங்கியதில்லை. இந்த வருஷம்தான் பெரிய வேஷம் கிடைத்தது. மகனைக் காணோம் என்று புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் ஓர் அப்பா. முக்கால் மணி நேர நாடகம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் பேசுவார்கள். இவர் மட்டும் பேசமாட்டார். கையில் இருக்கும் ஃபோட்டோவைச் சட்டைப் பையில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். அவ்வளவுதான். நான் அழுதேன். பக்கத்தில் இருந்த வரதனும் மூக்கைச் சிந்தினார்.

பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதினேன்: ‘அரங்கத்தையே அழவைத்தவர். சந்தேகமே வேண்டாம்.’

ஒரே நாளில் பட்டியல் குழுவைத் தாண்டி ஊரெல்லாம் போய்விட்டது. அத்தனை பேரும் தேவராஜ் மேல்தான் தோசை கட்டினார்கள். எனக்கு ஏக சந்தோஷம். ஒரு நல்ல மனிதருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசலில் தேவராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். பக்கத்தில் நீலப் பட்டுப்புடவையில் அவர் மனைவி சரோஜா. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. ஏன் வருவதில்லை என்று கேட்டதற்குக் காரணத்தை அவரே சொன்னார். ஒரு பெண்கள் பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் வேலை. நாடகங்கள் ஆரம்பிக்கிற ஏழு மணிக்குத்தான் அவர் அங்கே அறுபது பேருக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருப்பார். கணவர் நடித்த ஒரு நாடகத்தைக்கூட இதுவரை பார்த்ததில்லை. இன்றைக்கு மட்டும் எப்படி? ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். அவள்தான் பட்டியலைக் காட்டி, ஆன்ட்டி, அங்கிள்தான் ஃபேவரிட், நீங்கள் போயே ஆகவேண்டும் என்றிருக்கிறாள். ஹாஸ்டல் பெண்களே ஓனரிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்து, புடவை கட்டிவிட்டு, தலைக்குக் கிளிப் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

“காலைல டிஃபன் எடுத்து வெக்கறதுக்குள்ள கப்பை ஃபோட்டோ எடுத்துக் காட்டணுமாம் சார். எல்லாம் ஆர்டர் போட்டுட்டாங்க” என்று சிரித்தார் சரோஜா.

அதுவரை தோசைக் கணக்காக இருந்த விஷயம், ஒரு புடவையும் ஒரு நாள் லீவுமாக எதிரில் நின்றது.

அவர்களுக்கு நேர் பின் வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு விருதாக அறிவித்தார்கள். ஒப்பனை, இசை, ஒளி, எழுத்து... என் கணிப்பு வரிசையாகப் பலித்தது. பக்கத்தில் வரதன் செல்போனில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். சரோஜா எல்லாவற்றுக்கும் கைதட்டினார்.

கடைசிக்கு முந்தையது சிறந்த நடிகர். தொகுத்து வழங்கிய பெண் கவரைப் பிரித்தார். படித்தார். சிரித்தார். உடனே சொல்லிவிட்டால் என்ன? சொல்லவில்லை. “இவரைப் பத்தி நான் என்ன சொல்றது... இந்த வருஷம் நம்ம எல்லாரையும் அழவச்சவர்...” என்று இழுத்தார்.

சரோஜா எழுந்து நின்றுவிட்டார்.

பட்டியலில் இருந்த வரி அல்லவா அது? அவரைப் பொறுத்தவரை பெயரைச் சொல்லியாகிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“கார்த்திக்” என்றார் மேடையில் இருந்த பெண்.

எங்கள் பட்டியலில் ஒன்றுக்கு எட்டு. ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன். அவனும் நன்றாகத்தான் நடித்திருந்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் மேடையைப் பார்க்கவில்லை. சரோஜாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு அப்படியே விறைத்துப் போனது. நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் அவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நொடி தேவராஜ் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பட் பட்டென்று தட்ட ஆரம்பித்தார். தோற்ற ஃபேவரிட்டே எழுந்து நின்று தட்டும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? எங்கள் வரிசை எழுந்தது. அதற்குப் பின்வரிசை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மொத்த ஹாலும் நின்றது. கார்த்திக் கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையிலேயே விம்மினான். இந்த விழாவில் இதற்கு முன்னால் யாருக்கும் எழுந்து நின்று கைதட்டி நான் பார்த்ததில்லை.

சரோஜாவும் தட்டினார். இப்போது அவர் நிற்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

விழா முடிந்து வெளியே பிசிபேளே பாத் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. தேவராஜ் தட்டோடு வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“சார், நீங்க பின்னாடிதான இருந்தீங்க. அவ எழுந்ததப் பாத்திருப்பீங்க. அதப் பத்தி அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க. எல்லாரும் எழுந்தாங்க, அவளும் எழுந்தா... அப்படியே இருக்கட்டும்.”

சரி என்றேன். பட்டியலுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப் போனார். நீங்கள் நல்லது நினைத்துத்தானே போட்டீர்கள் என்றார். ஸ்பூனால் தட்டைக் கிளறிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

“இருவத்திரண்டு வருஷமா இந்த ஃபங்ஷனுக்கு வரேன் சார். மனசுல ஒண்ணும் வெச்சுக்காம வருவேன், பசங்கள கிண்டல் பண்ணுவேன், சாப்ட்டுப் போவேன். ஜாலியா இருக்கும். இந்த வருஷம்தான் நெனச்சுக்கினு வந்தேன்.”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அவர் ஸ்கூட்டர் எடுக்கப் போனார். கேட் அருகே சரோஜா தனியாக நின்றிருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், பி.ஜி.க்குக் காலையில் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். அஞ்சரைக்கு என்றார். பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவரு எதுக்கு எழுந்தாருன்னு எனக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், தெரியலன்னு நெனச்சுட்டிருக்காரு.”

ஸ்கூட்டர் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். இரண்டு ரகசியங்களையும் சுமந்துகொண்டு நான் நின்றேன்.

அன்றைக்கே குழுவில் எனக்குப் பாராட்டு மழை. ஒன்பதுக்கு ஏழு, குரு நீங்கள்தான் என்று கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் வரதனிடம் புலம்பினேன். ரேஸில் ஃபேவரிட் தோற்பது சகஜம், இதற்குப் போய் ஏன் இப்படி உருகுகிறாய் என்றார் அவர். சகஜம்தான். ஆனால் குதிரைக்கு வாட்ஸ்அப் கிடையாதே? தான் ஃபேவரிட் என்று தெரியாமலே ஓடுகிறது. தோற்றாலும் தெரியாமலே கொள்ளு தின்கிறது. மனிதர்கள் நம் பட்டியலைப் படிக்கிறார்கள். படித்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு மூன்று நாள் யோசித்ததில் இன்னொன்றும் புரிந்தது. அந்த நாடகம் முடிந்த அன்று நான் மேடைக்குப் பின்னால் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். ‘தேவராஜ், நீங்கள் பிரமாதமாக நடித்தீர்கள்’ என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ‘நீங்கள் ஜெயிப்பீர்கள்’ என்று ஊருக்கே சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். ஒன்றா அவை? முதலாவது எனக்குத் தெரிந்த விஷயம். அதை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. இரண்டாவது எனக்குத் தெரியாத விஷயம். கவருக்குள் இருந்தது. அதைத்தான் அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? நன்றாகப் படிக்கிறாய் என்பதில்லை, நீதான் ஃபர்ஸ்ட் என்கிறோம். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளையிடம் உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்கிறோம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம்...

மறுவாரம் தேவராஜுக்கு போன் செய்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த ஃபோட்டோவைப் பையில் வைத்து எடுத்த இடம், பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்ட இடம், எல்லாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

கார்த்திக்கின் நண்பர்கள் எடுத்த வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததாம். விருதை அறிவிப்பதில் தொடங்கி, ஹாலே எழுந்து நிற்பது வரை. ஹாஸ்டல் பெண்கள் அதைப் பார்த்து, ஆன்ட்டி, நீங்கள்தான் ஃபர்ஸ்ட் எழுந்திருக்கிறீர்கள் என்று சரோஜாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முதலில் நீலப்புடவை. அப்புறம் வெள்ளைச் சட்டை. அப்புறம்தான் மற்றவர்கள்.

“ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து பாத்தோம் சார். ஒண்ணும் பேசிக்கல. அவளே திருப்பி ஒரு தபா போட்டா. அப்பால சிரிச்சுட்டா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர், மறுநாள் சம்மதம் சொன்னார். பேரை மட்டும் மாற்றச் சொன்னாளாம்.

சென்ற ஞாயிறு அந்த நாடகத்தை மறுபடி போட்டார்கள். நீலசந்திராவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில்தான் போடவேண்டும் என்று தேவராஜ் பிடிவாதம் பிடித்தாராம். பத்து மணிக்கு ஹாஸ்டலில் டிஃபன் வேலை முடிந்துவிடும்.

சரோஜா சமையல் வாசனையோடு, சாதாரணப் புடவையில், அவசர அவசரமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என்னம்மா, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அன்னிக்கு நான் எழுந்தது தப்பே இல்ல சார்.”