அரை விரல் பதிந்த செங்கல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. என் கையாலேயே தொட்டேன்.

என் அம்மா எட்னாவின் கொள்ளுத்தாத்தா ஜேபஸ் கெட்டில். இங்கிலாந்தில் ஆடு திருடி மாட்டிக்கொண்டு, கால்விலங்கோடு தாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதி. எங்கள் தீவில் பாதிக் குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் உண்டு. மூன்று தலைமுறையாக அதை மூடி மறைத்தோம். சொந்தக் காசில் வந்த விவசாயி என்று புளுகினோம். கல்லறையில் அவர் பெயரைக்கூட வெட்டவில்லை; நாளடைவில் அது எங்கே என்பதும் மறந்துபோனது. அம்மாவும் அதே புளுகை ஊரெல்லாம் சொன்னவள்தான். ஹோபார்ட் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையான பிறகுதான் அது அவளை அரிக்கத் தொடங்கியது.

"நான் போறதுக்குள்ள அந்த மனுஷன் எங்க கிடக்கார்னு கண்டுபிடிச்சிடு, நெவில். மன்னிப்பு கேக்கணும்."

வருடக்கணக்கில் அலைந்தேன். ஏறி இறங்காத மயானம் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்: அவருக்கு வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. வேலை, செங்கல் சூளையில்.

கைதிகள் அறுத்த செங்கல்லில் விரல் தடம் இருக்கும். ஈரத்தோடு தூக்கும்போது பதிந்தது. முன்னோரைத் தேடி வருகிறவர்கள் அந்தத் தடத்தில் தங்கள் விரலை வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்த ஜூன் மாதம், கடைசியாக ஒரு கடலோரப் பண்ணைக்குப் போனேன். ஜூன் எங்களுக்குக் குளிர்காலம்; நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பாழடைந்த சூளை ஒன்று அங்கே இருந்தது. பண்ணைக்காரி கிளெனிஸ் வேலிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"செங்கல்லை உருவிட்டுப் போயிடாதே. போன வாரம் ஒருத்தன் பாதிச் சுவரையே காருல ஏத்தப் பாத்தான்."

ஒவ்வொரு கல்லாகத் தடவினேன். இடுப்பு விட்டுப்போனது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், முழங்கால் உயரத்தில்... அது இருந்தது.

மூன்று விரல் முழுதாக. ஒன்று பாதி.

சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. தடத்தில் விரல்களை வைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஹோபார்ட்ல எட்னா காத்துக்கிட்டிருக்கா. என்னால முடியல தாத்தா. நீங்களே போய்ப் பாத்துக்கோங்க."

சத்... சத்...

ஈரக் களிமண்ணை அச்சில் அறைகிற சத்தம். எனக்குப் பின்னால்.

திரும்பினேன். யாரும் இல்லை.

சத்...

நின்றுவிட்டது.

விரல் நுனி ஈரமானது. காய்ந்த கல்... குழைந்தது.

கை உள்ளே போனது.

உள்ளே, ஜில்லென்று... இன்னொரு கை.

பிடித்தது.

மூன்று விரல்...

ஒரு பாதி.

பிறகு, விட்டது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கிளெனிஸின் சமையலறைக் கடிகாரத்தில் நாலரை. அவள் என் கையையே பார்த்தாள்.

"மழை பெஞ்சு ஒரு மாசம் ஆச்சு. இவ்வளவு சேறு எங்கே பூசிக்கிட்டே?"

பதில் சொல்லுமுன் போன் அடித்தது. முதியோர் இல்லத்து நர்ஸ் மொய்ரா.

அம்மா போய்விட்டாளாம். நாலு இருபதுக்கு. சிரமப்படவில்லையாம். கடைசி நிமிடத்தில் கட்டிலருகே யாரையோ பார்த்து மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தாளாம். மொய்ரா கொஞ்சம் தயங்கினாள்.

"காலையில நான்தான் குளிப்பாட்டிவிட்டேன், நெவில். அப்புறம் யாருமே பாக்க வரல. ஆனா அவங்க மணிக்கட்டுல சேத்துக் கை பிடிச்ச மாதிரி தடம். மூணு விரல் நல்லாப் பதிஞ்சிருக்கு. நாலாவது... பாதிதான்."

ஜேபஸ் எங்கே கிடக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேடுவதையும் விட்டுவிட்டேன்.