டீச்சரம்மா வீட்டுப் பொடுதலை

படப்பையில் நர்சரி போட்டேன். கேளம்பாக்கத்தில் உப்புத் தண்ணீர் ஊறுகிற மண்ணில், ஆகாது என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில், தோட்டம் எழுப்பினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்கு இன்ஜினியர்கள் என் வாசலில் நின்று, தண்ணீர் அதிகம் குடிக்காத லான் வேண்டும் என்கிறார்கள். புல்லுக்குப் பதில் பொடுதலை என்று ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேச்சு. தாம்பரத்தில் அது ஒருமுறை வந்து, ஓகோவென்று வாழ்ந்து, போயும் விட்டது. வரவழைத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சரம்மாவின் பங்களாவில் அப்பா தோட்டக்காரர். பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அந்தக் கோடையில் கிணறு வற்றி, முன்புறப் புல் மொத்தமும் கருகியது. மகளுக்கு நிச்சயதார்த்தம் அங்கேதான் என்று டீச்சரம்மா முடிவு செய்திருந்தார். அதற்குள் தரை பச்சையாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் அறையும் அவனுக்குத்தான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏரிக்கரையில் ஆடு மிதித்தும் சாகாமல் படர்ந்து கிடந்த பொடுதலையைக் காட்டியது நான். பொடுகுக்கு அரைக்கிற தழையைப் போய் பங்களாவில் நடுவதா என்று அப்பா சிரித்தார். ஒரு கோணி நிறையப் பிடுங்கி வந்து நான் கொட்டியதும் சிரிப்பு நின்றது. கையளவு தண்ணீருக்கே அது பாய் விரித்தாற்போல் பரவியது. தெருவிலிருந்த பங்களாக்காரர்களெல்லாம் கேட்டு வாங்கிப் போனார்கள். யார் யோசனை என்று கேட்டவர்களிடம் அப்பா கூசாமல், "நம்ம ரோசனதான் சார்" என்றார். கோணி சுமந்த நான் பக்கத்திலேயே நின்றேன்.

நிச்சயதார்த்தத்தன்று பொடுதலை பூத்திருந்தது. பூ வந்தால் தேனீயும் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஜெபம் தொடங்குமுன் அவர்கள் சபை வழக்கப்படி எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி நின்றார்கள். முதலில் மாப்பிள்ளையின் அப்பா குதித்தார். ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, பின்வரிசையில் ஓர் அம்மாள் அல்லேலூயா என்றார். பிறகு அவரும் குதித்தார்.

காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே டீச்சரம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

"இந்தச் செடியக் கொண்டுவந்தது யாரு?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். "நான்தாம்மா. புள்ளைக்கு ஒண்ணியும் தெரியாது."

டீச்சரம்மா சுண்ணாம்பைக் கீழே வைத்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு முட்டியது. "சம்பந்தி எந்த ஜெபத்துலயும் தூங்கிடுவாராம். இன்னைக்குத்தான் முழிச்சிருந்தாருன்னு அவர் வீட்டம்மா சொல்றாங்க. போ, போய் பூவை வெட்டு."

அவ்வளவுதான். அறை எங்களுக்கே நின்றது. அம்மா கட்டின மூட்டையின் மேலேயே உட்கார்ந்து மூச்சு விட்டாள். தெருக்காரர்கள்தான் அந்த வாரமே பொடுதலையைப் பிடுங்கி எறிந்தார்கள். பின்னால் போர்வெல் வந்தது, கொரியன் புல் வந்தது. பொடுதலையை எல்லாரும் மறந்தார்கள்.

நானோ அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். மெச்சினபோதும் தன் பேர், விசாரித்தபோதும் தன் பேர், என்னை ஒரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று கோபம். முதல் தடவை அவர் எடுத்துக்கொண்டதும் இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டதும் ஒன்றல்ல என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

இப்போது விளங்குகிறது. ஆனாலும் தாம்பரத்தில் முதலில் பொடுதலை லான் போட்டது யார் என்று நாளைக்கு யாராவது எழுதினால், அப்பா பேரைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேலே என் பேர் வர வேண்டும்.