அண்ணன் பயந்து உட்காரவில்லை

மச்சான், நீங்கள் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பொய் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள்.

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்கள் போட்டோ இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பார்ப்பீர்கள். நடுப்பக்கத்தில் இருக்கிறது. அண்ணியின் கூடப் பிறந்தவர் என்ற மரியாதைக்காகப் போட்டோம். இப்போது இந்தப் பக்கத்தையும் படியுங்கள்.

மற்ற சொந்தங்களுக்கு விஷயத்தைச் சொல்கிறேன். போன வருடம் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு மச்சான் தன் பழைய கதையை மறுபடியும் எடுத்தார். சிதம்பரத்தில் சடுகுடு விளையாட்டின்போது அண்ணனை இவர் ஓர் அறை விட்டாராம், அண்ணன் பயந்து தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனின் பேத்தி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "தாத்தா அவ்ளோ பயந்தவரா சின்னத் தாத்தா?" என்று கேட்டாள். வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதைப் பேசவே கூடாது என்று அண்ணன் என் வாயைக் கட்டி வைத்திருந்தார். ஒரு வருடம் பொறுத்துவிட்டேன். இனி முடியாது.

அண்ணன் பிறந்தது கடலூர் முதுநகரை ஒட்டிய எங்கள் குப்பத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பதினான்கு வயதில் கட்டுமரம் ஏறினார். அனுதாபம் எழுதி அனுப்பிய பலரும் அவரைக் கோபமே அறியாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. எங்கள் குப்பத்திலேயே பெரிய கோபக்காரர் அவர்தான். சோற்றில் கல் இருந்தால் தட்டு பறக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. மரங்களைச் சேர்த்துக் கட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார். நான் கயிற்றைச் சரியாக இறுக்கவில்லை. முதல் அலையிலேயே கட்டு அவிழ்ந்து மரங்கள் திசைக்கு ஒன்றாகப் போயின. நீந்திக் கரையேறியதும் கையில் இருந்த துடுப்பை என் மேல் வீசினார். என் இடது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் கட்டியும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. இன்றும் அந்தக் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் தூக்க முடியாது.

எட்டு நாள் அண்ணன் கடலுக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடல்ல மரத்து மேல கோவம் வந்தா என்னடா பண்றோம்? குந்திக்கிறோம். எழுந்து நின்னு ஆடுனா எல்லாரும் தண்ணியிலதான் கெடக்கணும். கரைக்கு வந்தாத்தான் எனக்கு நாய்ப்புத்தி வருது. இனிமே கரையிலயும் குந்திக்கிறேன்."

சொன்னதைச் செய்தார். கோபம் வந்தால் இருந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் சம்பந்திகள் சண்டையில், மணமேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். குப்பத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. "மரம் கரை ஏறி ரொம்ப நேரமாச்சு மாமா, எழுந்துருங்க" என்று இளவட்டங்கள் கிண்டல் செய்யும்.

உட்கார்ந்தால் கோபம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கால் கட்டைவிரல் மண்ணைத் தோண்டும். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். அது அடங்கிய பிறகுதான் எழுவார். முதலில் ஒரு மணி நேரம் ஆனது. வருடம் போகப் போக ஒரு வெற்றிலை போடும் நேரம் போதும் என்றானது. இதை அவருக்கு எந்தச் சாமியாரும் சொல்லித்தரவில்லை. தானே பழகினார். எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது சிதம்பரத்துக்கு வருகிறேன். எழுதும்போதே உடம்பு துள்ளுகிறது! முதுநகரில் ரயில் ஏறி எங்கள் ஆட்கள் பதினைந்து பேர் போனோம். எதிரணி சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள கடலோர ஊர். அதன் தலைவர்தான் மச்சான். அப்போது அவர் எங்களுக்கு உறவில்லை. இரண்டு அணியும் சமம். கடைசிப் பாட்டு அண்ணனுடையது. ஒரே மூச்சில் சடுகுடு பாடிப் போய் ஒருவரைத் தொட்டு, நான்கு பேர் இழுக்க இழுக்க நடுக்கோட்டை விரலால் எட்டிப் பிடித்தார். நடுவர் விசில் ஊதிவிட்டார். மச்சான் ஓடிவந்து, "நடுவுல மூச்சு விட்டுட்டான்" என்று கத்தி அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார்.

கூட்டம் பார்த்தது இந்த அறையையும், அண்ணன் உட்கார்ந்ததையும்தான். இடையில் நடந்ததைக் கோட்டோரம் துண்டோடு நின்ற நான் பார்த்தேன். மச்சானின் இரண்டாவது அறை அண்ணன் முகத்துக்கு வரவில்லை. அந்த மணிக்கட்டை அண்ணன் பிடித்துவிட்டார். துடுப்பு பிடித்த கை அது. மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. "விடுங்க, விடுங்க" என்று மெதுவாகக் கெஞ்சினார். அண்ணனின் கண் அந்த நேரத்தில் என் பக்கம் திரும்பியது. என் கோணல் கையைப் பார்த்தார். பிடியை விட்டார். உட்கார்ந்தார்.

மைதானம் ஊளையிட்டது. அண்ணன் எழுந்ததும் நடுவரிடம், "சந்தேகம் இருந்தா அந்தப் பாயிண்ட வாணாம். மறுபடியும் பாடறேன்" என்றார். பாடினார்! மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தார். மூன்றாவது ஆள் யார் மச்சான்? அதை மட்டும் கதையில் விட்டுவிடுகிறீர்களே.

மறுவருடம் அண்ணனுக்குப் பெண் தேடியபோது அந்த ஊரில் ஒரு ஜாதகம் வந்தது. மச்சானின் தங்கை. அன்று தன் அம்மாவோடு மைதானத்து ஓரம் நின்று ஆட்டம் பார்த்தவர். மச்சான் குதித்தார், கூடாது என்றார். அண்ணி சொன்ன பதிலை இரண்டு வீட்டாரும் கேட்டோம்: "அடி வாங்கிட்டு குந்துன ஆளுதானே? அவரையே பாருங்க. எங்க அண்ணன் கையால நாங்க பட்டது போதும்."

கல்யாணத்துக்குப் பிறகு மச்சான் தன் கதையை ஊர் ஊராகச் சொன்னார். நான் கொதித்தபோதெல்லாம் அண்ணன் தடுத்தார். "அவருக்கு அந்த ஒரு கதைதான்டா இருக்கு. சொல்லிட்டுப் போறாரு, வுடு" என்பார்.

கடைசி மூன்று மாதம் முழங்கால் மடங்காமல் படுக்கையில் இருந்தார். மருந்து கொடுக்க வந்த பெண்ணிடம் ஒரு நாள் சீறிவிட்டு, உடனே, "குந்த முடியலம்மா, அதான்" என்று மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கும், அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஊரே அடைத்துக் கிடந்த மழையில் அவரைக் கடைசியாகச் சுமந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அழகாக எழுதத் தெரியவில்லை. உங்களை மறக்க மாட்டோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் எடுக்கச் சொல்லவில்லை.

மச்சான், நினைவு நாளன்று பந்திக்கு முன் மைக் இருக்கும். பேத்தி முன்வரிசையில் இருப்பாள். சிதம்பரத்தில் அண்ணன் உங்கள் கையைப் பிடித்தாரா இல்லையா? நீங்கள் கெஞ்சினீர்களா இல்லையா? எல்லோர் எதிரிலும் பதில் சொல்லுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் எழுந்து உங்கள் வலது கையைத் தூக்குங்கள். நான் என் இடது கையைத் தூக்குகிறேன். எந்தக் கை நேராக இருக்கிறது, ஏன் நேராக இருக்கிறது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.