கால் குட்டையான சோபா

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘தூசி’ என்றுதான் பெயர். பன்னிரண்டு வருஷமாக அவர் செய்த எதுவும் ஒரு தூசியைவிடப் பெரிதாக இருந்ததில்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுப் பிசின் வைப்பார். லேசர் குவிகிற புள்ளியில் மட்டும் அது இறுகிப் பிளாஸ்டிக் ஆகும். புள்ளியை நகர்த்தி நகர்த்தி உருவம் எழுப்பி, இறுகாத மிச்சத்தைக் கழுவிவிடுவார். மருந்து செலுத்தும் நுண்ணூசிகள்தான் முக்கிய வேலை.

ஒரு மாதமாகப் பாதி ஊசிகள் கழுவும்போதே பெயர்ந்து ஓடின. தலைமை விஞ்ஞானி பிசினைக் குறை சொன்னார். பிசின் விற்றவர் லேசரைக் குறை சொன்னார். லேசர் வாய் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் ஊழியர் குடும்பங்களுக்கு ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக்காட்டும் நாள் வந்தது. தூசியின் மனைவி தையல்காரி. மூன்று வருஷமாக சோபா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அசத்த நினைத்து லேசரில் ஒன்று செய்து, நுண்ணோக்கித் திரையில் காட்டினார்.

“நீ கேட்ட சோபா. எப்படி?”

“எவ்ளோ பெருசு?”

“ஒரு முடி அகலம் இருக்கும்.”

“யாரு உக்கார்றதுக்கு?”

பக்கத்தில் நின்ற தலைமை விஞ்ஞானி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவளோ திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“என்னங்க, இடது பக்கத்துக் கால் ரெண்டும் குட்டையா இருக்கே?”

“இருக்காது. கம்ப்யூட்டர் போட்ட அளவு.”

“பதினஞ்சு வருஷமா பேண்ட் மடிச்சுத் தைக்கிறேன். ஒரு நூல் ஏறினாலும் எனக்குத் தெரியும். சோபா நேராத்தான் இருக்கு. தரைதான் சாஞ்சிருக்கு.”

தலைமை விஞ்ஞானிக்கு இருமல் நின்றுபோனது. அளந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. தகடு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் லேசர் புள்ளி கண்ணாடிக்குள் விழுந்து உருவத்தின் அடி குறையும், மறுபக்கம் உருவம் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். ஓடிப்போன ஊசிகளெல்லாம் அந்தரத்தில் நின்றவை. தகட்டைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றினார்கள். ஓரத்தில் காய்ந்துபோன ஒட்டுநாடாத் துண்டு. அவசரத்தில் அதை ஒட்டியது தூசியேதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“விடுங்க, பிரிச்சுத் தைக்காத தையல்காரி யாரு?” என்றாள் அவள்.

மறுநாள் ஓர் ஊசிகூடப் பெயரவில்லை. அன்று மாலை அந்த ஊசிகளின் படத்தை எடுத்துக்கொண்டு அவர் நேராகத் தையல் கடைக்குப் போனார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“ம், நேரா இருக்கு.”

வீடு வந்து சேரும்வரை தூசி சீட்டியடித்துக்கொண்டே நடந்தார்.